என்னைப் போன்றோர் அரியர்

எங்கள் கணக்குக் குழுவில் அவளை இன்றைக்கும் ‘அரியர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேப்பரை அவள் மறுமுறை எழுதி, சொல்லிக்கொள்ளும்படி இல்லாத ஒரு மதிப்பெண்ணில் தேறி, கல்லூரியை விட்டு வெளியே வந்து, காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் ஜன்னலோர மேசையும் பிடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. எந்த வயதுக்காரர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அங்கே கணக்குப் போடுகிறாள். பெயர் மட்டும் போகவில்லை. இப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. முன்பு எடுத்துக்கொண்டாள்.

நான் அந்தக் குழுவின் அட்மின். ஏதோ பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் அடித்துக்கொண்ட இடத்தில் விளக்குமாறும் கையுமாக நிற்கிற வேலை. கல்லூரியில் என்னோடு கணக்குப் படிக்கிற பிள்ளைகள் செல்போனில் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆரம்பித்தேன். முதல் வாரம் கேட்டார்கள். அதன்பிறகு சந்தேகம் என்பதே யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்கள். ஒருவர் தெரியவில்லை என்று எழுதினால் ஒன்பது பேர் வந்து, இதுகூடத் தெரியாதா என்று கேட்டார்கள். விடையை மட்டும் ஒன்பது பேரில் ஒருவரும் எழுதவில்லை.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ‘முடிவிலி’ என்று ஒருவன் இருந்தான். பத்தாம் வகுப்பிலேயே முதுகலைப் புத்தகம் படித்தவன், அவன் சொன்னபடி. ‘பகா எண்’ என்று இன்னொருவன். தன்னை யாராலும் வகுக்க முடியாது என்பது பொருள். அதை அவனே விளக்கியும் சொல்வான். தேர்வு முடிந்தால் போதும், “புத்தகத்தைத் தொடவே இல்லை, தொண்ணூற்றாறுதான் வந்தது” என்று வருத்தப்பட ஆரம்பிப்பார்கள். இந்தத் தொடவே இல்லைக் கோஷ்டியைக் கண்டாலே எனக்கு ஆகாது. தொடாமலே தொண்ணூற்றாறு வாங்குகிறவன் தொட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அட்மின் பாரபட்சம் பார்க்கிறார் என்று புகார் வந்தது.

அவள் இந்தக் கூட்டத்துக்குச் சளைத்தவள் அல்ல. வந்து சேர்ந்தபோது தனக்கு ‘மூலம்’ என்று பெயர் வைத்துக்கொண்டாள். வர்க்கமூலம், கனமூலம், சமன்பாட்டின் மூலம் எல்லாம் சேர்ந்த கம்பீரமான பெயர் என்பது அவள் எண்ணம். எந்த டாக்டரிடம் காட்டுகிறாய், உட்கார முடிகிறதா என்று பையன்கள் விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது அவளுக்கு உறைத்தது. அன்று மாலையே ‘வர்க்கமூலம்’ என்று மாற்றிக்கொண்டாள். ஒரு சொல்லில் தனக்கு வேண்டிய பொருளை மட்டும் பார்ப்பது அவளுக்குப் பிறவிக் குணம். அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவளுடைய அப்பாதான் எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறவர்.

லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். மாதம் ஒரு தடவை வந்து, கீழ்த்தளத்தில் ‘வேலை நடக்கிறது’ பலகையை மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்குவார். தலை மட்டும் தரை மட்டத்தில் தெரியும். அந்தத் தலை நாம் கேட்காமலே பேசும்.

“என் பொண்ணு உங்க காலேஜ்தானேம்மா? கணக்குல அவளை அடிச்சுக்க ஆளில்லன்னு சொல்றாங்களே?”

யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அவரே சொல்லி அவரே கேட்டுக்கொள்கிற சேதி அது. மூன்றாம் மாடியில் கதவு சரிபார்க்கும்போது மூன்றாம் மாடிக்காரர்களிடமும், ஐந்தாம் மாடியில் பொத்தான் மாற்றும்போது ஐந்தாம் மாடிக்காரர்களிடமும் இதே பேச்சு. வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. பழுது பார்த்து முடித்ததும் முதலில் தான் மட்டும் ஏறி, மேலே போய்க் கீழே வந்து பார்த்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவார்.

அவளுக்குப் பெருமையடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவார். “ஏதாவது ரெண்டு நம்பர் சொல்லுங்க, பெருக்கிச் சொல்லுவா.” வந்தவர்கள் கையில் தண்ணீர் டம்ளரோடு யோசித்து ஏதோ இரண்டு எண் சொல்வார்கள். அவள் கண்ணை மூடித் திறந்து விடை சொல்வாள். அது சரியா தவறா என்று வந்தவர்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் கைதட்டுவார்கள். விடை எப்போதும் சரியாகத்தான் இருந்தது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள், நம்பலாம். மனக்கணக்கில் அவள் உண்மையிலேயே கெட்டிக்காரி. அவளுடைய கஷ்டமே அதுதான். கைதட்டு விடைக்குத்தான் கிடைத்தது. எப்படி வந்தது என்று அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை.

கல்லூரியில் கேட்டார்கள். பகுப்பாய்வு என்று ஒரு பேப்பர் உண்டு. விடை வேண்டாம், விடையை அவர்களே கேள்வியில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு எப்படிப் போவாய் என்பதை வரி வரியாக எழுத வேண்டும். இவள் முதல் வரி எழுதினாள், கடைசி வரி எழுதினாள், நடுவில் ‘இது வெளிப்படை’ என்று எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் வெளிப்படை. திருத்தியவருக்கு அது வெளிப்படையாக இல்லை. தேர்வு முடிவு வந்த அன்று அந்த ஒரு பேப்பர் போயிருந்தது.

அப்பா வேலையிலிருந்து போன் செய்தார். “எல்லாம் நல்லபடியாதானேம்மா?” என்றார். இவள் “ம்” என்றாள். அந்த ஓர் எழுத்துதான் அவள் சொன்ன பொய். மிச்சத்தை அவரே கட்டிக்கொண்டார். மறுநாள் பெரிய கேக் ஒன்று வாங்கி வேலையிடத்துக்கு எடுத்துப்போய், ஒரு பேப்பர் விடாமல் எல்லாவற்றிலும் பாஸ் என்று சொல்லி சூப்பர்வைசர் முதல் காவலாளி வரை கொடுத்தார். எங்கள் கட்டிடத்திலும் மாடிக்கு மாடி அந்தச் செய்தி ஏறியது. நானும் கேட்டு, சந்தோஷம் என்றேன். எனக்கும் அப்போது தெரியாது.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் முடிவிலிக்கும் இவளுக்கும் வாய்த்தகராறு வந்தது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. யாரோ ஒரு பெருக்கல் தந்திரம் பற்றிய காணொளியைப் போட்டார்கள். மனக்கணக்குப் போடுகிறவர்கள் கணிதம் தெரிந்தவர்கள் அல்ல, அவர்கள் காசு கொடுக்காமல் கிடைத்த கால்குலேட்டர்கள் என்று முடிவிலி எழுதினான். இவளுக்குச் சுருக்கென்றது. பகா எண் அவனுக்கு ஒத்து ஊதினான். கால்குலேட்டருக்காவது பேட்டரி தீர்ந்தால் வாய் மூடும் என்றான். இவள் பதிலுக்கு எழுதியதில் பாதியை நான் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ள வேண்டியிருந்தது. கோபம் வந்தால் அவளுக்குச் செந்தமிழ் வந்துவிடும். கடைசியில் எல்லோரும் வாயடைத்துப்போக வேண்டும் என்று பழைய செய்யுள் நடையில் ஒன்று போட்டாள்.

“மனத்தாலேயே கணக்கை வெல்வோர் தெருவெங்கும் கிடைப்பர் என்று எண்ணற்க. என்னைப் போன்றோர் அரியர்.”

அரியர் என்றால் எளிதில் காணக் கிடைக்காதவர்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஏதோ செய்யுளிலிருந்து ஒட்டிக்கொண்ட சொல். இலக்கண சுத்தமான வாக்கியம், குற்றமே சொல்ல முடியாது. ஆனால் வாசிக்கிறவர்கள் எல்லாம் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்குத் தெரிந்த அரியர் ஒன்றே ஒன்றுதான், தோற்றுப்போய்த் திரும்ப எழுத வேண்டிய பேப்பர்.

“அரியரா? எத்தனை?” என்று முடிவிலி கேட்டான்.

“எந்தப் பேப்பர்னு சொன்னா நாங்களும் அனுதாபப்படுவோம்” என்றான் பகா எண்.

கேலிதான். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இவள் தன் வாக்கியத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எழுதி முடித்த வரியைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இருந்திருந்தால் அந்தப் பேப்பரே போயிருக்காது. மூன்று மாதமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.  உடனே எழுதியது இது.

“ஒரே ஒரு பேப்பர்தான். அதுவும் திருத்தினவருக்கு விளங்கல.”

 குழுவில் மடை திறந்தது. சிரிப்புப் படங்கள் வரிசை வரிசையாக வந்தன. ‘ஒரே ஒரு பேப்பர்தான்’ என்ற முதல் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் வெட்டி யாரோ ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். இன்று எத்தனை வகுப்பு என்று ஒருவன் கேட்டால் ஒரே ஒரு பேப்பர்தான். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரே ஒரு பேப்பர்தான். வர்க்கமூலம் என்ற பெயர் அன்றைக்கே செத்து, அரியர் பிறந்தது.

அவள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். “அட்மின், அதை அழிச்சிடு.”

“அழிச்சிட்டேன். ஆனா ஸ்டிக்கரை என்ன பண்றது? எல்லார் போன்லயும் இருக்கு.”

“பகா எண் யாரு தெரியுமா உனக்கு? எங்கப்பாவோட சூப்பர்வைசர் பையன். நான் யாருன்னு அவனுக்குத் தெரியும்.”

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. குழுவில் மானம் போனது அவளுக்குப் பெரிதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பகா எண் அதைத் தன் அப்பாவிடம் சொல்வான், திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் அதை இவளுடைய அப்பாவிடம் சொல்வார். கேக் தின்ற அத்தனை பேருக்கும் நடுவில். இடையில் இருந்தது ஒரு ஞாயிறு.

“உங்க லிஃப்டுக்கு அவர் வந்தா நீ எதுவும் சொல்லிடாதே” என்று எழுதினாள்.

“எனக்கென்ன வந்துச்சு” என்று எழுதினேன். கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்திருக்கும். அன்று முழுக்கப் பெருக்கி அலுத்திருந்தேன்.

ஞாயிறு காலையில் அவள் வீட்டில் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு வாரநாள், விடுமுறை நாள் என்று வித்தியாசம் கிடையாது. அப்பா சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, வேலைக்குப் போடுகிற பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவள் எதிரே போய் நின்றாள். சின்ன வயதில் நடுக்கூடத்தில் நின்ற மாதிரிதான் நின்றேன் என்று அவளே சொன்னாள்.

“அப்பா, எனக்கு ஒரு அரியர் இருக்கு.”

அவர் பிரஷை நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

“உனக்குமா? எங்களுக்குத்தான் இழுத்தடிச்சுக்கிட்டு இருக்காங்க. உனக்கு எதும்மா, ஸ்காலர்ஷிப்பா? நிறுத்தி வெச்சிருந்ததை மொத்தமா குடுக்கிறாங்களா?”

அவர் வேலை செய்யும் இடத்தில் அரியர் என்றால் வேறு. சம்பளத்தைக் கூட்டி, அதை முன்தேதியிலிருந்து கணக்குப் பார்த்து மொத்தமாகக் கொடுப்பார்களே, அது. அந்தச் சொல் காதில் விழுந்தால் அங்கே ஆட்கள் விசில் அடிப்பார்கள். அதைத் தவிர வேறு அரியரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஒரு சொல்லுக்குத் தனக்கு வேண்டிய பொருளை மட்டும் பார்க்கிற குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று முன்பே சொன்னேன்.

இன்னொரு “ம்” போதும். அது வாய் வரைக்கும் வந்தது என்றாள். ஆனால் திங்கட்கிழமை இருந்தது.

“அந்த அரியர் இல்லப்பா. ஃபெயில். ஒரு பேப்பர்ல நான் ஃபெயில்.”

ஃபெயில் என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள்தான். அவர் பூட்ஸைத் தாளின்மேல் வைத்தார்.

“எப்போ?”

“போன தடவை ரிசல்ட்லயே.”

“அன்னிக்கா? நான் கேக் வாங்கிட்டுப் போனேனே?”

அவள் தரையில் விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தாள்.

“அந்த டப்பா கவிழ்ந்திடக் கூடாதுன்னு நீதானே கயிறு போட்டுக் கட்டிக் குடுத்தே” என்றார்.

அவர் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். எதிர்த்துப் பேசுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் கயிறு கட்டியது அவள்தான். நாலு பக்கமும் சமமாக வரும்படி முடிச்சுப் போட்டதுகூட ஞாபகம் இருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பேப்பர் போன அன்றுகூட அப்படி இருக்கவில்லை.

“சூப்பர்வைசர் பையனுக்குத் தெரிஞ்சிடுச்சுப்பா. நாளைக்கு அவர் உங்ககிட்ட கேப்பாரு.”

“அதனாலதான் இப்போ சொல்றியா?”

“ஆமா.”

அவர் மறுபடி பூட்ஸை எடுத்தார். துடைத்த பூட்ஸையே மறுபடி துடைத்தார். அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை. அம்மாவிடம் அவரே சொல்லிக்கொண்டார். அம்மா வந்து இரண்டு வார்த்தை நன்றாகத் திட்டினாள், அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று இவள் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த வாரத்தின் நடுவில் எங்கள் லிஃப்ட் மூன்றாம் மாடியில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. அவர்தான் வந்தார். நான் படியேறிப் போகும்போது கதவுக்கு முன்னால் முழங்கால் போட்டு, கதவு ஓடுகிற பள்ளத்தில் சேர்ந்த அழுக்கைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். மகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றார். நான் நகரப் போனபோது பேச ஆரம்பித்தார்.

“என் பொண்ணு எல்லாத்துலயும் பாஸ்னு சொன்னேன்ல. இல்லம்மா. ஒண்ணு போயிருக்கு.”

 பரவாயில்லை என்றேன்.

“பரவாயில்லன்னு விட முடியாதும்மா. ஊர் பூரா சொல்லிட்டேன். சொன்னவங்ககிட்ட எல்லாம் திருப்பிச் சொல்லணும்ல. இந்த மாடியில சொல்லிட்டேன். இன்னும் அஞ்சாவதுல பாக்கி.”

அவர் உண்மையாகவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். லிஃப்ட் நின்ற மாடிகளில் எல்லாம் பெருமையை இறக்கிக்கொண்டு வந்தார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. பெருமையடிக்கிறவர்களைக் கண்டால் ஆகாதவள் நான். இருந்தாலும் இந்த மனிதர் வாயடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“வேலை பார்க்கிற இடத்துல கேட்டாங்களா?” என்றேன்.

“எங்கே கேட்டாங்க? நானே போனதும் நேரா சூப்பர்வைசர்கிட்ட போய், சார், நீங்க பையன் மூலமா கேள்விப்பட்டிருப்பீங்க, உண்மைதான், நான் கேக் குடுத்தது தப்புன்னு சொன்னேன். அவரு முழிக்கிறாரு. அந்தப் பையன் நம்ம பொண்ணைப் பத்தி வீட்டுல எதையுமே சொல்லல. பாவம், அவன் எப்படிச் சொல்வான்?”

“ஏன்?”

அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படியில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“சூப்பர்வைசர் கதவைச் சாத்திட்டு என்கிட்ட சொல்றாரு. அவர் பையனுக்கு மூணு பேப்பர் போயிடுச்சாம், அவனே வந்து சொன்னானாம். அதுலேருந்து அப்பாவும் பையனும் பேசியே பல மாசம் ஆச்சாம்.”

யாராலும் வகுக்க முடியாத பகா எண் மூன்றால் வகுபட்டுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன்.

“பொண்ணுகிட்ட சொன்னீங்களா இதை?”

“அன்னிக்கே சொன்னேன். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அவகிட்ட நான் பேசின முதல் பேச்சே அதுதான். சந்தோஷப்படுவான்னு பார்த்தா, அப்பா, இதை யாருகிட்டயும் சொல்லிடாதீங்கன்னுட்டா. தனக்குப் போனதை அவன் அவங்கப்பாகிட்ட சொல்லிட்டான்ல, அது போதும்னா. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாதம்மா.”

சொல்ல மாட்டேன் என்றேன். அவளும் அந்த மூன்றைக் குழுவில் எழுதவில்லை. அன்றைக்கு மாலைகூட அதே பகா எண், அதே ஸ்டிக்கரை நாலு தடவை போட்டான். அவள் ஒரு சொல் எழுதினால் போதும். எழுதவில்லை.

அவர் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். எங்கள் குழுவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டிக்கரும் தெரியாது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது. மகள் அவரிடம் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதும் இல்லை. வழக்கம்போல முதலில் தான் மட்டும் லிஃப்டுக்குள் ஏறி, பொத்தானை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்திருந்தது.

“எவ்வளவு பெரிய சூப்பர்வைசர், பார்த்தியா? அவங்களுக்கு மூணு” என்றார். கதவு மூட ஆரம்பித்தது. “எங்களுக்கு ஒரே ஒரு பேப்பர்தான்.”